காவல்காரனைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள்



நேற்று என் பழைய மாணவர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். "சார், திபெத்திய மாஸ்டிஃப் குட்டி வாங்கப் போறேன். பெருசானா சிங்கம் மாதிரி இருக்கும்!" சென்னையில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில்!

அது சிங்கம் இல்லை தம்பி, காவல்காரன். திபெத்தில் அதற்கு 'தோக்கி' என்று பெயர். கட்டிப்போடும் நாய் என்று பொருள் சொல்வார்கள். பகலில் கூடார வாசலில் கட்டியிருப்பார்கள். இரவில் அவிழ்த்துவிட்டால் ஓநாய் அண்டாமல் மந்தையைக் காக்கும். யார் உத்தரவுக்கும் காத்திருக்காது. அந்நியரை நம்பாது. இரவெல்லாம் குரைக்கும். அடர்ந்த ஈரடுக்கு ரோமம் இமயக் குளிருக்கானது, நம் மே மாத வெயிலுக்கல்ல.

"அன்பா வளர்த்தா மாறிடும் சார்" என்கிறாய். பழக்கினால் பக்குவப்படும், சரி. தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் மறந்துவிடுமா?

சீனாவில் நடந்ததைப் பார். 2014இல் ஒரு மாஸ்டிஃப் 1 கோடியே 20 லட்சம் யுவானுக்கு விற்றதாகச் செய்தி வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மோகம் வடிந்தது, விலை சரிந்தது. விற்காத நாய்களைப் பலர் கைவிட்டார்கள். திபெத்தியப் பீடபூமியில் அவை கூட்டமாகத் திரிந்து ஆடு மாடுகளையே கடித்தன. மந்தையைக் காத்த இனத்தை மந்தைக்கே எதிரியாக்கியது யார்? நாயா, வாங்கி விற்ற மனிதனா?

அதன் வேலையை அதற்குக் கொடுக்க முடிந்தால் வாங்கு. முடியாதென்றால் அந்தப் படமே போதும்.

கோபித்துக்கொள்ளாதே. இதை உன் வாத்தியார் சொல்லாமல் வேறு யார் சொல்வது?