காற்றில் வரும் குரலைக் கைப்பற்றுவது எப்படி?

கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. விசைப்படகு புறப்பட்டுப் போன பின்னர், கரையில் இருக்கும் உம்மாவும் மனைவி மக்களும் செவியையே கண்ணாக்கிக் கொண்டு நாட்களை நகர்த்துகின்றனர். கைபேசியின் எல்லை கரையிலிருந்து சில கல் தொலைவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் படகுக்குப் படகும், படகுக்குக் கரையும் பேசிக்கொள்ள உதவுவது வி.எச்.எப். எனப்படும் மீயுயர் அலைவரிசை வானொலியே. அந்த அலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிக் கேட்கும் கருவிக்கு ஸ்கேனர் என்று பெயர்.

"விலை கொடுத்து வாங்கிய ஸ்கேனரில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை, இதைவிட விலையுயர்ந்த கருவியை வாங்க வேண்டுமா?" என்று கேட்போர் பலர். வேண்டியதில்லை என்பதே பெரும்பாலும் விடையாகும். குறை கருவியில் இருப்பது அரிது. அதன் தலையில் செருகியிருக்கும் ஒரு சாண் ரப்பர் ஆன்டெனாவிலும், அது வைக்கப்பட்டிருக்கும் இடத்திலுமே குறை இருக்கிறது.

மீயுயர் அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்திருப்பவரை அவை எளிதில் எட்டுவதில்லை. எவ்வளவு தொலைவு கேட்கும் என்பதை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அதன் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவர் கையிலுள்ள கருவி 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் எல்லை 5 கிலோமீட்டர். படகின் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் எல்லை 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் 13 கிலோமீட்டர். அதே ஸ்கேனருக்கு 9 மீட்டர் உயரத்தில், மாடிக்கு மேலே ஓர் ஆன்டெனா வைத்தால் கூட்டுத்தொகை 20 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஒரு பைசாவும் மின்சாரத்துக்குச் செலவழிக்காமல் கிடைக்கும் ஆதாயம் இது. எனினும், உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் எல்லை இரு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்க. வீட்டின் மேல் வானளாவிய கம்பம் நடுவது வீண் செலவு, ஆபத்தும் கூட.

அடுத்து ஆன்டெனாவின் நீளம். எந்த அலையைக் கேட்க விரும்புகிறோமோ, அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள கம்பி அந்த அலையை நன்கு ஏற்கும். 75 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டரில் அந்த நீளம் வரும். உலோகக் கம்பியில் அதைவிட நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். கடலில் ஆபத்துக் காலத்தில் உலகெங்கும் பயன்படும் 16 ஆம் சேனலின் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். அதற்கு வேண்டிய கம்பி 46 சென்டிமீட்டர். ரப்பர் ஆன்டெனாவோ சட்டைப்பைக்கு அடங்க வேண்டும் என்பதற்காகச் சுருளாக்கிக் குறுக்கப்பட்டது. வசதிக்காகத் திறனை விட்டுக்கொடுத்தது.

நல்ல ஆன்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். எஸ்.ஓ. 239 எனப்படும் சதுர வடிவச் சாக்கெட் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நடு ஊசியில் 46 சென்டிமீட்டர் நீளமுள்ள பித்தளை அல்லது தடித்த செம்புக் கம்பியை ஈயப்பற்று வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். நான்கு மூலைத் துளைகளிலும் 48 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு கம்பிகளைத் திருகாணியால் இறுக்கி, குடைக்கம்பிகளைப் போல 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்து விடுங்கள். சாய்ப்பதற்குக் காரணம் உண்டு. கம்பிகள் கிடைமட்டமாக இருந்தால் ஆன்டெனாவின் மின்தடை ஏறத்தாழ 36 ஓம் ஆகும். சாய்த்தால் கருவிகள் எதிர்பார்க்கும் 50 ஓமை நெருங்கும். இதனை ஒரு பி.வி.சி. குழாயின் உச்சியில் பொருத்தினால் வேலை முடிந்தது. படகுகளின் ஆன்டெனாக்கள் செங்குத்தாக நிற்பவை. ஆகவே நம்முடையதும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வருவதில் பெரும் பகுதி இழப்பாகும்.

மாடியில் பிடித்த அலை கூடத்துக்கு வருவதற்குள் கேபிளிலேயே கரைந்துவிடக் கூடும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளில் 15 மீட்டர் கடப்பதற்குள் இந்த அலைவரிசையின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. தொலைக்காட்சிக்குப் பயன்படும் ஆர்.ஜி. 6 கேபிளில் அதே தொலைவில் இழப்பு கால் பங்கை ஒட்டியே இருக்கும். அது 75 ஓம் கேபிள் என்று தயங்க வேண்டா. கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துகையில் அந்த வேறுபாட்டால் வரும் குறை மிகச் சிறிது. அதன் மேற்பின்னல் பெரும்பாலும் அலுமினியமாதலால் ஈயப்பற்று ஒட்டாது; அழுத்திப் பொருத்தும் இணைப்பியையே பயன்படுத்துக. கடற்காற்றின் உப்பு ஒரே பருவத்தில் இணைப்புகளைத் தின்றுவிடும். எனவே வெளியே உள்ள இணைப்புகளை நீர்புகா ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுக. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சற்றே கீழிறக்கி வளைத்து விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டி விழும், உள்ளே வராது.

இவ்வளவுக்குப் பின்னும் இரைச்சல் குறையவில்லையா? ஸ்கேனரை பாட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றாக இயக்கினால் அவர் யார் என்பது புலப்படும். ஸ்குவெல்ச் குமிழையும் கவனிக்க. இரைச்சலை அடக்க அதை அதிகமாகத் திருப்பிவிட்டால், தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரலும் சேர்ந்து அடங்கிவிடும். இரைச்சல் நின்ற இடத்திலேயே குமிழை நிறுத்துவதே முறை. நூறு சேனல்களைச் சுற்றிவரச் செய்தால், தேவையான பேச்சு நிகழும்போது கருவி வேறெங்கோ திரிந்துகொண்டிருக்கும். வேண்டிய ஐந்தாறு சேனல்களை மட்டும் பதிந்து, 16 ஆம் சேனலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பூஸ்டர் எனப்படும் பெருக்கியை வாங்க முந்துவோர் உண்டு. அது குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அருகில் எப்.எம். நிலையம் இருந்தால் அதன் வலிய அலை பெருக்கியைத் திணறடித்து, முன்பு கேட்டதையும் கேட்காமல் செய்துவிடும். மேற்சொன்ன யாவும் முடிந்த பின்னரே, அதுவும் கேபிள் மிக நீளமாக இருந்தால் மட்டுமே, ஆன்டெனாவுக்கு அருகில் பெருக்கியை வைப்பது பயன் தரும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ரூபவாகினி 1982 ல் தொடங்கிய பின், நம் தென்கடலோர ஊர்களின் மாடிகளில் உயர்ந்த ஆன்டெனாக்கள் நின்றதைப் பெரியவர்கள் அறிவர். சில நாட்களில் படம் கண்ணாடி போலத் தெரியும்; மறுநாள் புள்ளிகளே மிஞ்சும். காற்று அசையாத வெப்ப நாட்களில் கடலின் மேல் காற்று அடுக்குகள் அலைகளை வளைத்து வெகுதொலைவு கொண்டுவருவதே அதற்குக் காரணம். ஆதலால் ஒரு மாலைப்பொழுதின் விளைவை வைத்து ஆன்டெனாவை மதிப்பிடாதீர்கள். ஒரு வாரமேனும் கேட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பு முக்கியம். கம்பம் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் நடுக. அதனை முறையாக எர்த் செய்க. இடி மின்னல் வருமுன்னரே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிடுக. இத்தகைய கருவிகளுக்கு நம் நாட்டில் சட்ட வரம்புகள் உள்ளன. வாங்குமுன் உரிமம் பற்றித் தெரிந்துகொள்வது கடமை. கேட்கும் பேச்சு பிறருடையது. காதில் விழுந்ததை ஊரில் பரப்பாமல் அமானிதமாகக் காப்பதே மனிதப் பண்பு.

ஆனால் அபயக்குரல் மறைக்கத்தக்கதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, அங்கே முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் அமெச்சூர் வானொலி மூலமே தீவுச் செய்திகளைத் தாய்நிலத்துக்கு அனுப்பினர். அவர்கள் அனுப்பியதற்குப் பயன் கிட்டியது, மறுமுனையில் செவிசாய்த்துக் காத்திருந்தோர் இருந்ததனால்தான். உங்கள் ஸ்கேனரில் ஆபத்தில் சிக்கிய படகின் குரல் கேட்டால், படகின் பெயர், இடம், நேரம் மூன்றையும் உடனே குறித்துக்கொண்டு, கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். அன்று அந்த 46 சென்டிமீட்டர் கம்பி ஒரு குடும்பத்தின் விளக்கு அணையாமல் காக்கக் கூடும்.