எண் மாறியது, கோப்பு அழியவில்லை

விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே அமைந்த கணினியில் பயனற்ற பகிர்வொன்றை நீக்குகின்றோம். மறுநாள் திரையில் 'அத்தகைய பகிர்வு இல்லை' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரும், அதன்கீழ் 'கிரப் ரெஸ்க்யூ' என்பதுமே தோன்றுகின்றன. உடனே வன்தட்டு முழுவதையும் அழித்து யாவற்றையும் புதிதாக நிறுவுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் தவறென்பது என் கருத்து. களத்தில் ஆண்டுக்கணக்கில் திரட்டிய மழைக் குறிப்புகளும் மாணவர் மதிப்பெண்களும் இதனால் வீணே அழிகின்றன.

நிகழ்ந்தது யாது? பழைய எம்பிஆர் முறையில் உட்பகிர்வுகள் 5 முதல் எண் பெறும். 5, 6 என இரண்டிருக்க, முன்னதை நீக்கினால் 6ஆவதாயிருந்த லினக்ஸ் பகிர்வு 5 ஆகிவிடும். தொடக்க நிரலாகிய கிரப்போ 6ஐயே தேடுகின்றது. கோப்புகள் இருந்த இடத்திலேயே உள்ளன. அத்தொடரை நான் தமிழாக்கின் 'அவ்வெண்ணுள்ள பகிர்வு இல்லை' என்றே எழுதுவேன். பாதி அச்சம் நீங்கும்.

'எல்எஸ்' ஆணையால் லினக்ஸ் பகிர்வைக் கண்டறிக. 'செட்' ஆணையால் ரூட்டுக்கு அப்பகிர்வையும், பிரிஃபிக்ஸுக்கு அதிலுள்ள கிரப் கோப்புறையையும் குறித்து, 'இன்ஸ்மாட் நார்மல்', 'நார்மல்' என முறையே இடுக. லினக்ஸ் இயங்கியபின் 'கிரப்-இன்ஸ்டால்' ஆணையைப் பகிர்வுக்கன்று, தட்டுக்கே இடல் வேண்டும். மறப்பின் மறுமுறையும் இதே திரைதான். லினக்ஸ் பகிர்வையே நீக்கியவர்க்கு இம்முறை உதவாது. அவர் விண்டோஸ் நிறுவு தட்டின் துணையால் தொடக்கப் பதிவைச் சீராக்கி விண்டோஸையேனும் மீட்கலாம்.