தெருவைக் கேட்டுத் திறக்கட்டும்!

பார் பற்றி எழுத வந்திருக்கிறாளே என்று சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். குடிப்பது நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அது குடும்பங்களை எப்படிக் கெடுக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில் நாலு மாதம் இருந்தேன். அவள் தெருமுனையில், ஒரு காலத்தில் காய்கறிக் கடையாக இருந்த இடத்தில் ஒரு குட்டி பார். 'மைக்ரோ பப்' என்கிறார்கள். ஒரே அறை, நம்ம வீட்டு ஹால் அளவுதான். பழைய மர அலமாரியையும் கல்லாப் பெட்டியையும் துடைத்து, வர்ணம் அடித்து அப்படியே வைத்திருக்கிறார்கள். டி.வி. கிடையாது, பாட்டு கிடையாது. வயசானவர்கள் நாயோடு வந்து, பீப்பாயிலிருந்து பிடித்த பீரை ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். பாட்டிமாரும் உண்டு! ராத்திரி பத்து மணிக்கெல்லாம் கதவு சாத்தியாச்சு.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டதும் அதே கெண்டில்தான். ஹெர்ன் என்ற ஊரில் 2005-ல் ஒருவர் பழைய கசாப்புக் கடையில் 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்' என்று ஆரம்பித்தார். கறி தொங்கவிட்ட கொக்கிகளைக்கூடக் கழற்றவில்லையாம் (நமக்குக் குமட்டும்!). சூப்பர் மார்க்கெட் வந்து சின்னக் கடைகள் மூடிக் கிடந்த சமயம். லைசென்ஸ் சட்டமும் அந்த வருஷம் மாறியது. பிறகு நாடு முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன.

ஆனால் என் மனசில் நின்றது அந்தக் கடை இல்லை, ஒரு நீலக் காகிதம். பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகும்போது, பூட்டிக் கிடந்த இன்னொரு பழைய கடைக் கதவில் அதைப் பார்த்தேன். மாப்பிள்ளைதான் விவரம் சொன்னார்.

"இங்கே மது விற்க லைசென்ஸ் வேணும்னா முதல்ல வாசல்ல இப்படி நோட்டீஸ் ஒட்டணும் அத்தை. உள்ளூர் பேப்பர்லயும் போடணும். 28 நாள் டைம். ஆட்சேபம் இருந்தா யாரும் கவுன்சிலுக்கு எழுதலாம்."

சத்தம், தகராறு, ஆபத்து, குழந்தைகளுக்குக் கெடுதல் என்ற நாலில் ஏதாவது ஒரு காரணம் காட்டினால் போதுமாம். கவுன்சில் விசாரித்துத்தான் முடிவு செய்யும். பக்கத்து வீட்டு அம்மாள் எழுதினார். ஒன்பது மணிக்கு மேல் பின்கட்டில் யாரும் உட்காரக் கூடாது, காலி பாட்டில்களை ராத்திரியில் கொட்டக் கூடாது, அவ்வளவுதான். இரண்டையும் நிபந்தனையாகவே சேர்த்துவிட்டார்கள்.

நம்ம ஊர் 2003-ம் வருஷ விதி என்ன சொல்கிறது? பள்ளிக்கூடம், கோயிலிலிருந்து நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடத்தில் 100 மீட்டர் தள்ளி மதுக்கடை இருக்க வேண்டும். சரி, வீட்டிலிருந்து எத்தனை மீட்டர்? தண்ணீர்க் குழாயிலிருந்து? டியூஷன் முடிந்து பெண் பிள்ளை வருகிற சந்திலிருந்து? நெடுஞ்சாலையை ஒட்டிக் கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது. 2017 ஏப்ரலில் அங்கே மூடிய கையோடு ஊருக்குள் இடம் தேடினார்கள். எத்தனை ஊர்ப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள்! கடை வந்த பிறகு மனுவும் கையுமாக அலைவதைவிட, வருவதற்கு முன்னாலேயே கேட்டால் என்ன குறைந்துவிடும்?

"நோட்டீஸ் ஒட்டினா ஒரு தெருவிலும் திறக்க முடியாதே" என்கிறார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்று தெருவே சொன்னால் அங்கே திறக்காமல் போகட்டுமே!

28 நாள் நோட்டீஸை ரேஷன் கடை வாசலிலும் ஒட்டட்டும், கொட்டை எழுத்தில். நாங்கள் கூடுகிற இடம் அதுதான். வீட்டுக்காரர் கையெழுத்து போதும் என்று இல்லாமல் வீட்டம்மாவின் கையெழுத்தையும் கேட்கட்டும்.

கட்டடச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பா காலத்து மளிகைக் கடை ஓடாமல் கிடக்கும்போது நல்ல வாடகை வந்தால் ஆசை வரும்தான். அட்வான்ஸை வாங்குவதற்கு முன்னால் எதிர் வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் அப்பாவிடம் முப்பது வருஷம் அரிசி பருப்பு வாங்கியவர் அவர்.

- ஒரு இல்லத்தரசி, திருச்சி.