நடைவண்டியின் சக்கரம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் இரண்டு முறை படித்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு மரவேலை பழகிவரும் ஒருவர் எழுதியது. பேத்திக்கு நடைவண்டி செய்யத் தொடங்கியிருக்கிறார். சட்டமெல்லாம் கூடிவிட்டது; சக்கரம்தான் வட்டத்துக்கு வர மறுக்கிறது. மகனோ, "எதுக்குப்பா கஷ்டப்படறீங்க? சி.என்.சி. பட்டறையில டிராயிங்கைக் குடுத்தா நிமிஷத்துல வெட்டிக் குடுத்துடுவாங்க" என்கிறாராம். "கொடுத்துவிட்டால் அது நான் செய்த வண்டிதானா?" என்று நம்மிடம் கேட்கிறார்.

கணினி வழிநடத்தத் தானாகவே வெட்டும் இந்தச் சி.என்.சி. இயந்திரத்தின் பூர்வீகம் மரம் அல்ல, உலோகம். துளையிட்ட நாடாவைப் படித்து உலோகத்தைக் குடைந்தெடுக்கும் இயந்திரத்தை 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயக்கிக் காட்டினார்கள். விமான பாகங்களுக்காகப் பிறந்த அந்த வித்தைதான் இன்று நம் ஊர் வாசற்கதவுகளில் கஜலட்சுமியைச் செதுக்குகிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியராக இருந்த டேவிட் பை, 1968இல் எழுதிய புத்தகத்தில் வேலைகளை இரண்டாகப் பிரித்தார். கடைசி நொடிவரை கெட்டுப்போகக்கூடிய வேலை ஒன்று. தொடங்கும்போதே முடிவு உறுதியாகிவிட்ட வேலை இன்னொன்று. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சடிப்பது இரண்டாவது. (இந்தப் பக்கத்தின் கையெழுத்துப் பிரதியை நீங்கள் பார்க்காதது என் பாக்கியம்.) அதே பை, மரக்கிண்ணங்களில் வரிவரியாகப் பள்ளம் இழைக்கத் தானே ஒரு கருவி செய்துகொண்டவர். தள்ளுவது அவர் கை. உளியின் வழியைப் பிடித்துக்கொள்வது கருவி. ஆகவே கருவியைக் கண்டாலே முகம் சுளிக்க வேண்டியதில்லை.

சொந்தமாகச் சி.என்.சி. வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக வேலை செய்பவர்களுக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். பலகையைச் சரியாக இறுக்காவிட்டாலோ, தொடக்கப்புள்ளியை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டாலோ மரம் பாழ். ஆனால் அந்தப் படபடப்பு பொத்தானை அழுத்தும் முன்பு. இழைப்புளி பிடிப்பவனுக்கோ ஒவ்வொரு தள்ளலிலும். மரத்தின் ஓட்டத்துக்கு எதிராகப் போனால் சத்தமே மாறிவிடும். காது சொல்ல, கை திரும்பிக்கொள்ளும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான். பூவரசில் நான் செய்த முக்காலியில் உளி வழுக்கிப் பெயர்த்த ஓரம் இன்னும் அப்படியே இருக்கிறது. கால் தட்டும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும்.

பிழைப்புக்குத் தச்சு செய்பவருக்கு நேரம் காசு. அவர் இயந்திரம் வாங்குவதில் குறை சொல்ல நாம் யார்? நமக்குத்தான் அவசரமில்லை.

கடிதம் எழுதிய நண்பருக்கு: சக்கரங்களைப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள். கோணல் சக்கரத்தில் பிள்ளை தடுமாற வேண்டாம். கைப்பிடியை மட்டும் நீங்களே இழையுங்கள். சிலாம்பு ஏதும் நிற்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பேத்தி நடந்ததும் ஒரு படம் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்