மூக்கைத் தூக்கிய விமானம் ஏன் விழுந்தது?

2009-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி. பிரேசில் நாட்டில் இருந்து பாரீசுக்குப் பறந்த பிரெஞ்சு விமானம், அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேரும் மாண்டார்கள்!

என்ஜின் நிற்கவில்லை. இறக்கை ஒடியவில்லை. பிறகு ஏன் விழுந்தது?

வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. வேகக் கணக்கு குழம்பியது. துணை விமானி மூக்கை மேலே தூக்கினார். அதுதான் ஆபத்து!

வாய்க்கால் நீரோட்டத்தில் உள்ளங்கையைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். கை மேலே எழும்பும். செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் பின்னால் தள்ளும்; தூக்காது.

இறக்கையும் அப்படித்தான். சாதாரணமாக சுமார் 15 டிகிரி வரை, சாய்வு கூடினால் தூக்கும் சக்தியும் கூடும். அதற்கு மேல் காற்று இறக்கையை விட்டுப் பிரியும். தூக்கும் சக்தி குறையும். இந்த விமானமோ 35 டிகிரியையும் தாண்டியது!

இன்னொரு விபரீதம். வேகம் மிகக் குறைவாகப் பதிவானதால், கருவி அதை நம்பாமல் அபாய ஒலியை நிறுத்தியது. மூக்கைத் தாழ்த்தியபோது ஒலி மீண்டும் கேட்டது. சரியானதைச் செய்யும்போது எச்சரிக்கை! விமானிகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

ஐரோப்பாவில் பயணிகள் விமானம் ஓட்டப் பயில்வோருக்கு, இந்த ஆபத்தில் இருந்து மீளும் பயிற்சி 2019 முதல் ஆகாயத்திலேயே அளிக்கப்படுகிறது. பாடம் சிறியது: விழும்போது மூக்கைத் தாழ்த்து. அதற்குக் கொடுத்த விலைதான் பெரியது.