பேர் இரண்டு, பொருள் ஒன்று

எங்கட ஊர்களில கனபேருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில ஒரு பேர், வீட்டில கூப்பிட இன்னொரு பேர். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வாறது ஒரே ஆள்தான். வீட்டுப் பேர்க்காரனுக்குக் காய்ச்சல் எண்டால் பத்திரப் பேர்க்காரனும் படுக்கையிலதான் கிடப்பான். ஆனால் அந்தப் பத்திரத்தின்ர போட்டோக்கொப்பி வேற கதை. கொப்பியில தேத்தண்ணி ஊத்துப்பட்டால் மூலப் பத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது.

செய்நிரல் மொழிகளிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. ஒரு தரவுக்கு இரண்டாவது பேர் வைக்கலாம். அல்லது அதைப் பிரதி எடுக்கலாம். இரண்டுமே தேவையானவை. பத்து இலட்சம் வரி உள்ள பட்டியலை ஒவ்வொரு சார்புக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தால் நினைவகமும் நேரமும் வீண். ஆகவே இரண்டாவது பேரே வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்ல. எது நடக்கிறது எண்டது எழுத்திலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம். இப்ப பாவனையில் இருக்கிற பல மொழிகள் இதை வாசிக்கிற ஆளின் ஞாபகத்துக்கு விட்டிருக்கின்றன.

பைதனை எடுங்கோ. உயர்தரத்தில ஐசிடி படிச்ச ஆக்களுக்குத் தெரிஞ்ச மொழி. புள்ளிகள் = [60, 70, 80] என்று ஒரு பட்டியல். அடுத்து, திருத்தம் = புள்ளிகள். இப்ப திருத்தத்தின் முதல் எண்ணை 65 ஆக்கினால் புள்ளிகளிலும் 65 தான் இருக்கும். கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. பழைய புள்ளி 60 போன இடமே தெரியாது.

பைதன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேணும். அதன் விதி ஒன்றுதான்: சமன் குறி எப்பவும் ஒரு பொருளுக்குப் பேர் ஒட்டும், பிரதி எடுக்காது. சரி. ஆனால் += குறி? எண் ஒன்றுக்கு அதைப் போட்டால் புதுப் பெறுமதி உருவாகி, பேர் அதற்கு மாறும். பழையது அப்படியே இருக்கும். பட்டியலுக்குப் போட்டால் மூலப் பட்டியலே நீளும். திருத்தம் = திருத்தம் + [90] எண்டு விரிச்சு எழுதினாலோ புதுப் பட்டியல் வரும், மூலம் தப்பும். கணக்குப் பாடத்தில் ஒன்றெனத் தோன்றும் இரண்டு வரிகள் இங்கே இரண்டு வேலை செய்கின்றன. இதைப் படிக்கிற பிள்ளையின்ர கவனக்குறைவு எண்டு சொல்லுறது நியாயமில்லை.

பிஎச்பி இதைவிட வெளிப்படையானது. அணிகளுக்கு வெறும் சமன் குறி போட்டால் பிரதி; =& போட்டால் இரண்டாவது பேர். ஆனால் அங்கேயும் ஒரு குழி இருக்கு. அணியின் உறுப்புகளை & போட்டு ஒரு சுற்றில் எடுத்தால், சுற்று முடிந்த பிறகும் அந்த மாறி கடைசி உறுப்பின் இரண்டாவது பேராகவே நிற்கும். அதே மாறியை வேறொரு சுற்றில் பாவிச்சால் கடைசி உறுப்பு சத்தமில்லாமல் அழிபடும். அப்ப, பேர் தொடங்கிற இடத்தைக் காட்டினால் மட்டும் போதாது. முடியிற இடமும் தெரிய வேணும்.

அடுத்தது, சார்புக்கு ஒன்றைக் கொடுக்கிற இடம். சீ பிளஸ் பிளஸ்ஸில் & குறியைச் சார்பை வரையறுக்கிற ஆள் போடுகிறார். கூப்பிடுகிற வரியைப் பார்த்தால் மாறி மாறுமா இல்லையா எண்டு தெரியாது. சீ ஷார்ப்பில் வரையறுக்கிற ஆளும் கூப்பிடுகிற ஆளும் இருவருமே ரெஃப் எண்டு எழுத வேண்டும். ஸ்விஃப்டிலும் கூப்பிடும்போது & போட வேணும். என் பொருளை மாற்ற விடுகிறேன் எண்டால், என் கையெழுத்து அந்த வரியில் இருக்க வேண்டும். 2015 இல் முதல் பதிப்பு வந்த ரஸ்ட் இன்னும் கண்டிப்பு: ஒரே நேரத்தில் பல பேர்கள் வாசிக்கலாம், அல்லது ஒரே ஒரு பேர் எழுதலாம். இரண்டும் சேர்ந்து நடக்க விடாது.

“கலைப்பீடத்தில இருந்துகொண்டு உனக்கேன் இந்த வேலை?” எண்டு கேட்கலாம். இது மொழியைப் பற்றிய கேள்வி. விடிவெள்ளியும் அந்தி வெள்ளியும் ஒரே கோள். “விடிவெள்ளி விடிவெள்ளிதான்” என்றால் அதில் புதிசா ஒன்றும் இல்லை. “விடிவெள்ளிதான் அந்தி வெள்ளி” என்பது வானத்தைப் பார்த்துக் கண்டறிய வேண்டிய அறிவு. ஜேர்மன் தத்துவவியலாளர் ஃப்ரேகே 1892 இல் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் ஆராய்ந்தது. செய்நிரலை வாசிக்கிறவருக்கும் அதே நிலைமைதான். இரண்டு பேரும் ஒரே பொருளா எண்டதை அவர் எங்கே பார்த்து அறிவது? ஒரு நல்ல மொழியில் அந்த விடை பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

குறிகள் கூடினால் புதுசாப் படிக்கிற ஆக்கள் பயப்படுவினம் எண்டு ஒரு மறுப்பு உண்டு. உண்மைதான். ஆனால் குறியை மறைத்தால் சிக்கல் மறையாது, பிந்தி வரும். முதல் நாள் ஒரு குறியைப் படிக்கிறது கஷ்டமா, மூன்றாம் மாதம் இரவிரவாக இருந்து புள்ளி எங்க மாறினது எண்டு தேடுறது கஷ்டமா? அந்தப் பட்டியலில் மருந்தளவோ வாக்காளர் பேரோ இருந்தால் தேடக்கூட ஆள் இருக்காது. பிழை நடந்ததே தெரியாமல் போகும்.

எனவே மொழி வடிவமைக்கிறவையிடம் மூன்று விசயம் கேட்கலாம். பிரதிக்கும் இரண்டாவது பேருக்கும் வேறு வேறு குறி. பொருளைக் கொடுக்கிற இடத்திலேயே கொடுக்கிற ஆளின் ஒப்புதல். இரண்டாவது பேருக்கு ஒரு முடிவெல்லை. அது வரும்வரை பைதன் எழுதுகிறவர்கள் ஒன்று செய்யலாம்: == என்று மட்டும் கேட்காமல் “இஸ்” என்றும் கேளுங்கோ. முதலாவது, பெறுமதி சமனா எண்டு சொல்லும். இரண்டாவதுதான் ஆள் ஒன்றா எண்டு சொல்லும்.