எத்தனை பிராஞ்ச் இருக்கு?

ஊரில் ஒருவர் ஒரு கடையை ஒழுங்காக நடத்தினால் நமக்குப் பொறுக்காது. "பிரமாதம்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "எத்தனை பிராஞ்ச் இருக்கு?" ஒன்றுதான் என்றால் முகம் சுருங்கும். பாவம், முன்னேறத் தெரியாத ஆள்! துபாயோ சிங்கப்பூரோ நியூஜெர்சியோ, எந்த ஊர் தமிழ்ச்சங்கத்தின் பொங்கல் சாப்பாட்டு வரிசையிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். இது வெறும் அரட்டைக் கேள்வி இல்லை, நல்ல தொழில்களைக் கொல்லும் கேள்வி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பிழைக்க வந்த இடம் மரைன் ஹில். போர்ட் பிளேரில் கடலைப் பார்த்த மேடு. (2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) தீவில் கொஞ்ச காலம் இருந்தால் 'அளவு' என்ற சொல்லுக்கு அர்த்தம் தானாகப் புரியும். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். கப்பல் தாமதமானால் வெங்காய விலை ஏறும். கோடையில் தனிகாரி அணையில் தண்ணீர் இறங்கினால் குழாயில் முறை வைத்துத்தான் வரும். இங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் நாலு நாற்காலி கூடப் போடுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாக வேண்டும்.

இதே மேட்டில் பே ஐலண்ட் ஓட்டல் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் எழுந்தது, வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. மேட்டை வெட்டிச் சமமாக்கி அடுக்குமாடி எழுப்பாமல், சரிவு எப்படி இறங்குகிறதோ அப்படியே கட்டடத்தையும் படிப்படியாக இறக்கினார். உள்ளூர் படாக் மரம், பெரிய சாய்வுக் கூரை, காற்றோடும் திறந்த கூடம். இன்று அதை நடத்துவது பெரிய நிறுவனம்தான், அதைச் சிறுதொழில் என்று நான் கதை விடப் போவதில்லை. ஆனால் இடத்தின் எல்லையை முதலில் ஒப்புக்கொண்டு, அதற்குள் எதை உயர்வாகச் செய்யலாம் என்று யோசித்த மூளையின் வேலை அது. தொழிலிலும் அப்படி யோசித்தவர்கள் நம்மிடம் உண்டு.

க்ரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1974ல் ராமகிருஷ்ணன் தொடங்கிய பதிப்பகம். ஐம்பது ஆண்டுப் பெயருக்கு அதன் நூல் பட்டியல் சிறியது. ஆனால் அதில் என்ன இருக்கிறது பாருங்கள்: சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்', பூமணியின் 'வெக்கை', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்த 'அந்நியன்'. எடிட்டிங் என்பதையே வேண்டாத செலவாக நினைத்த தமிழ்ப் பதிப்புலகில், வரி வரியாக உட்கார்ந்து எடிட் செய்த இடம் அது. 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' 1992ல் வந்தது. விற்கிறதே என்று அப்படியே அச்சடித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. திருத்தி விரித்த பதிப்பு 2008ல், மூன்றாம் பதிப்பு 2020ல். அது வெளியான சில நாட்களில், 2020 நவம்பர் 17 அன்று, கொரோனாவால் ராமகிருஷ்ணன் காலமானார். வெளியூரில் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எத்தனையோ வீடுகளில் இன்று அந்த அகராதி இருக்கிறது. எத்தனை பிராஞ்ச் என்று அவரிடம் கேட்டிருப்பீர்களா?

இப்போது மறுபக்கம். சுபிக்ஷா ஞாபகம் இருக்கிறதா? 1997ல் சென்னையில் தொடங்கிய மளிகை, மருந்துக் கடை. குறைந்த விலை, ஆடம்பரம் இல்லாத கடை, நல்ல யோசனைதான். 2008ல் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள். பெரும்பாலும் கடன் வாங்கி வளர்ந்த வளர்ச்சி. அந்த ஆண்டு உலகமெங்கும் பணப்புழக்கம் நின்றபோது சரக்கு வாங்கக் கையில் காசில்லை. 2009 தொடக்கத்தில் ஷட்டர் இறங்கியது. தெருவில் நின்றது சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்.

ஜப்பானில் கொங்கோ குமி என்று ஒரு நிறுவனம். கி.பி. 578லிருந்து கோயில் கட்டும் வேலை. பதினான்கு நூற்றாண்டு போரும் பஞ்சமும் சாய்க்காத தொழில்! 1980களில் நிலம் விலை ஏறிய மயக்கத்தில் கடன் வாங்கி ரியல் எஸ்டேட்டில் இறங்கினார்கள். விலை சரிந்தது, கடன் நின்றது. கோயில் வேலையும் குறைந்துபோக, 2006ல் இன்னொரு நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை என்பீர்கள். என் சித்தி மகன் ஊரில் இரண்டு மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டுகிறான். எள்ளை அவனே போய்ப் பார்த்து வாங்குவான், கருப்பட்டியும் அப்படியே. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தங்கள் சேர்ந்து பணம் போடுகிறோம் என்றார்கள். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு வருஷத்தில் ஐந்து கடை. அவன் என்னிடம் போனில் சொன்னது: "அண்ணே, ரெண்டு செக்குக்கு மேல போனா எள்ளை நான் பாக்க முடியாதுண்ணே. எவனோ பாப்பான். அப்புறம் எம்பேரை எதுக்கு டின்னுல ஒட்டணும்?" குடும்ப வாட்ஸப் குழுவில் அவனுக்குக் கிடைத்த பட்டம், "பொழைக்கத் தெரியாதவன்."

அவன் கணக்கு சரியான கணக்கு. ஐந்து கடை என்றால் வாடகை, தவணை, மேனேஜர். எள் விலை ஏறும் மாதத்திலும் தவணைத் தேதி தள்ளிப்போகாது. அப்போது எங்கே குறைப்பார்கள்? முதலில் எள்ளின் தரத்தில், பிறகு கருப்பட்டியில், கடைசியில் ஆள் சம்பளத்தில். யாரும் கெட்டவராக வேண்டியதில்லை, கடன் தானாகவே அந்த வேலையைச் செய்துவிடும்.

"எல்லாரும் இப்படியே இருந்தால் வேலைவாய்ப்பு எங்கிருந்து வரும்?" நியாயமான கேள்வி. ரயில் பெட்டியையும் தடுப்பூசியையும் வீட்டுத் திண்ணையில் செய்ய முடியாது. பெரிய தொழில் வேண்டும்தான். சின்னது என்பதாலேயே ஒரு கடை புனிதமாகிவிடாது. வேலையாளுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைக்கும் சின்ன முதலாளிகளும் நிறைய. ஒருவர் போன பிறகு யார் நடத்துவது என்ற சிக்கலும் உண்மை. அதற்கு வழி, தொழில் தெரிந்த அடுத்த ஆளைத் தயார் செய்வது. ஆறு ஊரில் போர்டு மாட்டினால் அந்த ஆள் வந்துவிடமாட்டார்.

நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் நாம்தான். ஃபிரான்சைஸ் எடுக்க அலைகிறவர்களும் நாம்தான். லீவில் போய், இருபது வருஷமாக ஒரே ருசியில் போடும் கடைக்காரரிடம் பேரம் பேசிவிட்டு, விமான நிலையத்தில் அதே பண்டத்துக்கு மூன்று மடங்கு கொடுப்பவர்களும் நாமேதான் :-)

அடுத்த முறை பணம் போடுவதற்கு முன் வேறு கேள்விகள் கேளுங்கள். உங்களிடம் இருப்பதில் பழைய வேலையாள் எத்தனை வருஷமாக இருக்கிறார்? சம்பளம் தேதிக்குப் போகிறதா? சரக்கை யார் பார்த்து வாங்குகிறார்கள்? கடன் எவ்வளவு? பதில்கள் சரியாக இருந்தால் பணத்தைக் கொடுங்கள். செக்கைப் பழுது பார்க்கட்டும், ஆளுக்குச் சம்பளம் கூட்டட்டும், கடனை அடைக்கட்டும். ஐந்தாவது கடை வேண்டுமா என்பதை நடத்துகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.